வியர்வை காய்ந்த பிறகு வரும் பசி

மட்டக்களப்பு இளைஞர்கள் ஓடுகிறார்கள், பந்தடிக்கிறார்கள், ஜிம்முக்குப் போகிறார்கள். அந்த உழைப்பு உடம்பில் ஒட்டுமா, வீணாகுமா என்பதை முடிவு செய்வது, மைதானத்தை விட்டு வெளியேறிய பிறகு வருகிற இரண்டு மணித்தியாலங்கள்.

பின்னேரம் ஐந்தரை மணி. மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் வெயில் சாய்ந்துவிட்டது. தரையின் சூடு இன்னும் இறங்கவில்லை. கடைசி விசில் ஊதியதும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெடியன்கள் பந்தை விட்டுவிட்டு அப்படியே தரையில் சரிகிறார்கள். பெனியன் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. யாரோ வாங்கி வந்த பையில் மாலுபாணும் ரோல்ஸும் இருக்கின்றன. பை கைமாறிக் கைமாறிப் போகிறது. எடுத்துக் கடிப்பவர் எவருமில்லை. தண்ணீர்ப் போத்தலுக்கும் குளிர்ந்த சோடாவுக்கும்தான் இழுபறி. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒன்றும் உள்ளே போகாத வயிறுகள் இவை. இருந்தும் யாருக்கும் பசிக்கவில்லை.

ஏழரை மணிக்கு அதே கூட்டம் நகரத்துக் கொத்துக் கடையொன்றில் இருக்கிறது. கல்லில் தகடுகள் மோதுகிற சத்தத்துக்கு நடுவே தட்டுகள் வந்து இறங்குகின்றன. மைதானத்தில் ஒரு ரோல்ஸைத் தொடாதவர், முட்டைக் கொத்தை முடித்துவிட்டு இன்னொரு பரோட்டாவுக்குக் குரல் கொடுக்கிறார். பக்கத்தில் நிறமூட்டிய சோடாப் போத்தல்.

இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரே உடம்பு இரண்டு விதமாக நடந்துகொண்டது. வீடுகளில் இதைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. ஓடினால் பசி கூடும், கூடத் தின்று இன்னும் கொழுக்கும் என்பது ஒன்று. ஓடுகிற பிள்ளைதானே, என்ன தின்றாலும் கரைந்துவிடும் என்பது மற்றது. இரண்டுமே பிழை. உடற்பயிற்சிக்கும் பசிக்கும் உள்ள உறவை உலகம் ஏறத்தாழ எழுபது வருடங்களாக ஆராய்ந்து வருகிறது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இளம் ஆண்களை வைத்தே நடந்தவை. அவற்றின் முடிவுகள் மட்டக்களப்பு வாவிக்கரையின் பெடியன்களுக்கும் பெருமளவு பொருந்தக்கூடியவை.

பசி எங்கே போகிறது?

இரைப்பையில் சுரந்து, மூளைக்குப் போய்ப் பசியைக் கிளப்புகிற ஒரு ஹோர்மோன் உண்டு. பெயர் கிரெலின். 1999இல் ஜப்பானின் மசயாசு கொஜிமா, கெஞ்சி கங்காவா ஆகியோரின் குழு அதைக் கண்டுபிடித்தது. சாப்பாட்டு நேரம் நெருங்க அது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். இதற்கு எதிர்ப்பக்கத்தில், போதும் என்று மூளைக்குச் சொல்கிற குடல் ஹோர்மோன்கள் இருக்கின்றன. பிவைவை, ஜிஎல்பி-1 என்பவை அவற்றில் முக்கியமானவை.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்டென்சலின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது இளைஞர்கள் ஒரு மணித்தியாலம் ஓடுபட்டியில் வேகமாக ஓடினார்கள். ஓடும்போதே இரத்தத்தில் செயல்படுநிலைக் கிரெலின் விழுந்தது. அதோடு பசியும் விழுந்தது. 2009இல் அதே குழு ஓட்டத்தையும் பளு தூக்குதலையும் ஒப்பிட்டது. இரண்டிலும் கிரெலின் குறைந்தது. போதும் என்று சொல்கிற பிவைவை ஓட்டத்தில் மட்டும் ஏறியது.

2022இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இன்னொரு துண்டைச் சேர்த்தது. கடுமையாக உழைக்கும் தசையில் லக்டேற் பெருகும்போது, அதிலிருந்து லக்-ஃபீ என்ற சிறு மூலக்கூறு உருவாகிறது. அதைக் கொழுத்த எலிகளுக்குச் செலுத்தியபோது, அடுத்த 12 மணித்தியாலத்தில் அவை உண்ட தீனி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மனிதரிலும் இந்த மூலக்கூறு பயிற்சிக்குப் பின் ஏறுகிறது. வேகமாகப் பாய்ந்து ஓடும் பயிற்சியில் மிக அதிகமாக.

இவற்றோடு இரத்த ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது இரத்தம் குடலை விட்டுத் தசைக்கும் தோலுக்கும் திரும்புகிறது. உடல் சூடேறுகிறது. அந்த நேரத்தில் ஒரு ரோல்ஸ் தொண்டையில் இறங்காதது இயல்பு. மெதுநடையில் இது நடப்பதில்லை. மூச்சு வாங்குகிற அளவுக்கு உழைத்தால்தான் பசி மந்தமாகும். அந்த மந்தம் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கலைந்துவிடும். அதன் பிறகு வழக்கமான பசி திரும்பும்.

திரும்பும் பசி, செலவான சக்தி முழுவதையும் அன்றே கேட்டு வாங்கிவிடுமா? பெரும்பாலான ஆய்வுகளில் இல்லை. பயிற்சி செய்த நாளிலும் செய்யாத நாளிலும் இளைஞர்கள் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாப்பிட்டார்கள். 1955இல் எட்ஹோமின் குழு பிரிட்டனில் பன்னிரண்டு இராணுவப் பயிலுநர்களை இரண்டு வாரம் தொடர்ந்து அளந்தது. ஒரு நாளின் உழைப்புக்கும் அந்நாளின் உணவுக்கும் அங்கே தொடர்பே தெரியவில்லை. கடுமையாக அணிவகுத்த நாளின் கணக்கு, இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களின் தட்டில் தெரிந்தது. பசி கணக்குப் பார்க்கிறது. ஆனால் பிந்திப் பார்க்கிறது.

பெட்டிச் செய்தி: பட்டினி வேறு, பயிற்சி வேறு

• லஃப்பரோவில் 2011இல் வெளியான ஆய்வில் பன்னிரண்டு ஆண்கள் ஒரு நாள் 90 நிமிடம் ஓடினார்கள். இன்னொரு நாள் ஓடாமல், அதே அளவு கலோரியைச் சாப்பாட்டில் குறைத்தார்கள்.
• சாப்பாட்டைக் குறைத்த நாளில் பசி ஏறியது, கிரெலின் ஏறியது, பிறகு கிடைத்த உணவை அதிகமாக உண்டார்கள்.
• ஓடிய நாளில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. உடம்பில் விழுந்த பள்ளம் இரண்டு நாளும் ஒரே ஆழம்தான்.
• எடை குறைக்கக் காலைச் சாப்பாட்டை விடுகிற இளைஞர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது. பட்டினி பசியைத் தட்டி எழுப்புகிறது. ஓட்டம் அதைச் சற்று நேரம் உறங்க வைக்கிறது.

சணல் ஆலையில் கிடைத்த பாடம்

இந்தத் துறையின் மிகப் பேர்பெற்ற ஆய்வொன்று நடந்தது நம் பக்கத்து நாட்டில். கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் செங்கயில் என்ற ஊரில் ஒரு சணல் ஆலை இருந்தது. ஹார்வர்டின் சத்துணவு அறிஞர் ஜான் மேயர், பூர்ணிமா ராய், காமாக்யா பிரசாத் மித்ரா ஆகிய மூவரும் அங்கே 213 ஆண்களின் வேலை, உணவு, எடை மூன்றையும் அளந்து 1956இல் வெளியிட்டார்கள்.

கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர், எழுத்தர், சாரதி, நெசவுக்காரர், நிலக்கரி சுமப்பவர் என்று எல்லாத் தரத்தாரும் ஆய்வில் இருந்தார்கள். இலேசான வேலையிலிருந்து கடுமையான வேலைக்குப் போகப் போக உணவும் கூடிக்கொண்டே போனது. உடல் எடை அதிகம் மாறவில்லை. இது எதிர்பார்த்ததுதான். வியப்பு மறுமுனையில் இருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் குறைவாகச் சாப்பிடவில்லை. மூட்டை சுமப்பவருக்குச் சமமாகவே சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம்.

மேயர் இதற்குக் கொடுத்த விளக்கம் இன்றும் இந்தத் துறையை நடத்துகிறது. உடல் ஓரளவுக்கு மேல் அசைந்தால்தான் பசி உழைப்போடு பொருந்தி நிற்கும். அந்த அளவுக்குக் கீழே போனால் அந்தப் பொருத்தம் விட்டுப்போகிறது; தேவை குறைந்தும் பசி குறைவதில்லை. பிற்காலத்தில் இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு இன்னொரு சான்று காட்டினார்கள். தொடர்ந்து பயிற்சி செய்கிற ஆண்கள், முதலில் கலோரி மிகுந்த பானம் ஒன்றைக் குடித்திருந்தால் அடுத்த சாப்பாட்டைத் தாங்களாகவே குறைத்துக்கொண்டார்கள். பயிற்சியில்லாதவர்களுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை.

எழுவான்கரையும் படுவான்கரையும்

செங்கயில் ஆலையின் அத்தனை தரத்தாரையும் இன்று மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் காணலாம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் வாவிக்கு மேற்கே படுவான்கரை, வெள்ளாமைப் பூமி. கிழக்கே எழுவான்கரை: கடலுக்கும் வாவிக்கும் நடுவே கடைத்தெருக்களும் பாடசாலைகளும் நெருங்கிய ஊர்கள்.

படுவான்கரையின் முந்தைய தலைமுறை வட்டைக்குள் கிடந்து உழைத்தது. குனிந்து வெட்டியது, சூடு மிதித்தது, மூட்டை சுமந்தது, கொக்கட்டிச்சோலை, மண்டூர்க் கோயில்களுக்குக் கால்நடையாகப் போனது. அந்த உழைப்புக்கு ஏற்றபடி ஒரு தட்டு இருந்தது: மலையாகக் குவித்த சிவப்பரிசிச் சோறு, மீன் குழம்பு, ஒரு கீரை, முடிவில் எருமைத் தயிர். இன்று அந்த வயலில் அறுவடை இயந்திரம் இறங்குகிறது. ஏக்கர் கணக்கில் வெட்டி அடித்து ஒரே நாளில் முடித்துவிடுகிறது. மகன் மோட்டார் சைக்கிளில் வந்து வரம்பில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார். தட்டு மட்டும் தகப்பனுடைய தட்டாகவே இருக்கிறது. சோறும் வெள்ளையாகிவிட்டது.

எழுவான்கரையில் கைத்தொலைபேசிக் கடையில் பன்னிரண்டு மணித்தியாலம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். ஓட்டோ தரிப்பிடத்தில் ஓட்டத்துக்குக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு விசாவுக்கு மாதக்கணக்கில் வீட்டில் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். செங்கயிலின் கடைக்காரருக்கு நேர்ந்ததுதான் இவர்களுக்கும் நேர்கிறது. நாலு மணி வடையும் மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன் டீயும் பசிக்காகப் போவதில்லை. நேரம் போவதற்காகப் போகின்றன. இவர்களிடம் சாப்பாட்டைக் குறை என்று மட்டும் சொல்வது பலன் தராது. பசியைத் திருத்தி ஒழுங்குக்குக் கொண்டுவருகிற வேலையை உடல் அசைவுதான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வளர்ந்தோருக்குச் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரையான நடுத்தர உழைப்பு. நாளுக்கு அரை மணித்தியாலம் பழைய கல்லடிப் பாலத்தில் வேகமாக நடந்தால் அது வந்துவிடும்.

கொத்துக் கடைக் கணக்கு

அடுத்தவர், எடை குறைக்க ஓடுகிற இளைஞர். இவருக்கு அறிவியல் நல்ல செய்தி சொல்கிறது: ஓட்டம் பசியைத் தூண்டிவிடாது. கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நீல் கிங், ஜோன் பிளண்டெல் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், கடும் பயிற்சி முடித்த ஆண்களுக்கு ஒரு நாள் கொழுப்புக் குறைந்த, மாச்சத்து மிகுந்த உணவும் இன்னொரு நாள் கொழுப்பு மிகுந்த உணவும் கிடைத்தன. வயிறு நிரம்பச் சாப்பிடலாம். மாச்சத்து உணவு கிடைத்த நாளில் பயிற்சியின் பலன் நின்றது. கொழுப்பு உணவு கிடைத்த நாளில், பயிற்சியில் செலவான அத்தனையும் ஒரே இருப்பில் திரும்பி ஏறிவிட்டது. அவர்கள் அதிகப் பசியால் சாப்பிட்டவர்கள் இல்லை. அதே பசிக்கு அதே அளவு உணவு, ஆனால் வாய்க்கு வாய் கூடுதல் கலோரி.

எண்ணெய் மிதக்கும் கொத்துக்கு இது அப்படியே பொருந்தும். சோடாவின் கதை இன்னும் மோசம். சீனித் தண்ணீர் வயிற்றில் நிற்பதில்லை. மென்று தின்ற உணவைப்போல மூளைக்கு நிறைவைச் சொல்வதுமில்லை. தாகமும் களைப்பும் கூடி, பசி மந்தமாக இருக்கிற அந்த முதல் அரை மணித்தியாலத்தில், தடையின்றி உள்ளே போகிற ஒரே பொருள் அது. இலங்கை 2016 முதல் இனிப்புப் பானங்களின் போத்தலில் நிற அடையாளத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. மைதான ஓரத்தில் கைமாறும் போத்தலைத் திருப்பிப் பார்க்கப் பழக்கினாலே பாதி வேலை முடியும்.

இதில் மனமும் ஒரு பங்கு செய்கிறது. இவ்வளவு ஓடிவிட்டோம், இன்றைக்குத் தின்னலாம் என்கிற எண்ணம் பசியை விடப் பலமானது. ஆளுக்கு ஆள் உடலும் வேறுபடுகிறது. 2008இல் கிங்கின் குழு வெளியிட்ட ஆய்வில், பருமனான 35 பேர் 12 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், மேற்பார்வையில் பயிற்சி செய்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு உழைப்பு. சராசரியாகக் குறைந்தது 3.7 கிலோ. ஒருவர் 14.7 கிலோ குறைந்தார், இன்னொருவர் 1.7 கிலோ கூடினார். குறையாதவர்களை அலசியபோது, அவர்களின் பசியும் உணவும் வாரம் செல்லச் செல்ல மெல்ல ஏறியிருந்தது தெரிந்தது. நண்பனுக்கு இறங்கிய எடை தனக்கு இறங்கவில்லை என்று மூன்றாம் மாதம் ஓட்டத்தை விட்டுவிடுகிற இளைஞர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உழைப்பு பொய்க்கவில்லை, அவருடைய தட்டைப் பார்க்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. எடை இறங்காதபோதும் இரத்த அழுத்தமும் சீனியும் இதயமும் அந்த ஓட்டத்தால் பயனடைந்துகொண்டே இருக்கின்றன.

பெட்டிச் செய்தி: 60 கிலோ இளைஞரின் வரவு செலவு (அண்ணளவாக)

• 5 கிலோமீற்றர் ஓட்டம்: 300 கலோரி செலவு
• ஒரு மணித்தியால உதைபந்தாட்டம்: 400 கலோரி செலவு
• 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனியுள்ள 400 மில்லிலீற்றர் சோடா: 160 கலோரி வரவு
• பரோட்டா ஒன்று: அளவைப் பொறுத்து 200 முதல் 300 கலோரி வரவு
• மூன்று தேக்கரண்டி சீனி போட்ட பிளேன் டீ: 60 கலோரி வரவு
• அவித்த முட்டை ஒன்று: 75 கலோரி வரவு, 6 கிராம் புரதம்
• வெந்த சோறு 100 கிராம்: 130 கலோரி வரவு

பசிக்காததால் மெலிகிறவர்கள்

எடை கூடுகிறவரைப் பற்றியே ஊர் பேசுகிறது. இதே அறிவியலால் அதிகம் பாதிக்கப்படுகிற இன்னொரு இளைஞரைப் பற்றிப் பேச ஆளில்லை. அவர் மெலிந்தவர், கடுமையாக உழைப்பவர், போதுமான அளவு சாப்பிடாதவர்.

விடியப்புறம் தோணியில் இறங்கி வாவியில் வீச்சு வலை எறிகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் ஒரு டீ. தோளும் முதுகும் பல மணித்தியாலம் உழைக்கின்றன. கரையேறி மீன் கொடுத்து முடியும்போது வெயில் ஏறிவிடும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் உடம்பு இன்னும் கொதிக்கும். சூடு பசியை அடக்கும் என்பது ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். குளிர் இதற்கு நேர்மாறு. 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 20 பாகை செல்சியஸ் குளிர்ந்த நீருக்குள் சைக்கிள் மிதித்த ஆண்கள், 33 பாகை நீரில் மிதித்ததை விட 44 சதவீதம் அதிகமாகச் சாப்பிட்டார்கள். நீந்தினால் கொலைப்பசி எடுக்கும் என்கிற பேச்சு குளிர்நாட்டுக் குளங்களிலிருந்து வந்ததாக இருக்கலாம். நம் வாவியின் வெதுவெதுப்பான நீரும் மேலே எரிக்கும் வெயிலும் பசியை எழுப்புவதில்லை, அமுக்குகின்றன. அவருக்குப் பசிக்கும்போது மத்தியானம் தாண்டியிருக்கும்.

பாடசாலை அணிக்கு விளையாடுகிற மாணவரின் நிலையும் இதுதான். காலைப் பயிற்சி முடிந்த கையோடு வகுப்பு. இடைவேளையில் ஒரு பனிஸ். பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு, அதன் பின் மறுபடி பயிற்சி. பசி எடுக்காத நேரமெல்லாம் சாப்பாட்டு நேரமாகவும், பசி எடுக்கும் நேரமெல்லாம் வகுப்பு நேரமாகவும் அமைந்துவிடுகிறது. இப்படி நாள்தோறும் சேரும் பற்றாக்குறை விளையாட்டு வீரரின் எலும்பை மெலிய வைக்கும், ஆண்மை ஹோர்மோனைக் குறைக்கும், காயம் ஆறுவதைப் பிந்த வைக்கும், அடிக்கடி தடிமன் காய்ச்சலில் படுக்க வைக்கும். நெடுங்காலம் இது பெண் வீராங்கனைகளின் பிரச்சினை என்றே கருதப்பட்டது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல்தான் ஆண்களுக்கும் இது உண்டு என்று அறிவித்தது.

பொருளாதார நெருக்கடி வந்த 2022, ஒரு தலைமுறைக்கே இந்தப் பற்றாக்குறையைக் காட்டிய வருடம். எரிபொருள் இல்லாமல் ஊரே சைக்கிளுக்குத் திரும்பியது. அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. உடல் அதிகம் உழைத்தபோது தட்டு சுருங்கியது. மீனும் முட்டையும் முதலில் போயின. வளர்கிற வயதில் அந்த வருடத்தைக் கடந்தவர்கள்தான் இன்று மைதானத்தில் நிற்கிற இருபது வயதுக்காரர்கள்.

இவர்களுக்கு ஒரே வழி, பசிக்குக் காத்திருக்காமல் நேரத்துக்குச் சாப்பிடுவது. பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்தில் திட உணவு இறங்காவிட்டால், இறங்கக்கூடியதைக் கொடுக்க வேண்டும்: உப்பும் வெங்காயமும் சேர்த்துக் கரைத்த மோர், பழஞ்சோற்றுக் கஞ்சி, வாழைப்பழம், இளநீர், ஒரு பிடி கச்சான். பசி திரும்புகிற ஒரு மணித்தியாலத்துக்குள் முழுச் சாப்பாடு கையில் இருக்க வேண்டும்.

டப்பாவும் தயிர்ச்சட்டியும்

நகரத்தில் ஜிம்கள் பெருகியிருக்கின்றன. கூடவே புரோட்டீன் பவுடர் டப்பாக்களும். தினமும் பயிற்சி செய்கிறவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் போதும் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட அமைப்புகளின் 2016 பரிந்துரை. 60 கிலோ இளைஞருக்கு அது 72 முதல் 120 கிராம். வாவிக்கரையில் இதற்கு டப்பா தேவையில்லை. 100 கிராம் மீனிலோ இறாலிலோ ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கோப்பை வெந்த பருப்பும் அதற்கு நெருங்கி வரும். இரண்டு முட்டை 12 கிராம். ஒரு பிடி கச்சானும் ஒரு கிண்ணம் எருமைத் தயிரும் சேர்ந்தால் இன்னொரு 12 கிராமுக்குக் குறையாது. நெத்தலிக் கருவாடு விலை குறைவு, புரதம் நிறைய. மாத வருமானத்தில் பெரும்பகுதியை டப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, மத்தியானம் வெறும் சோறும் சம்பலும் சாப்பிடுகிற இளைஞரிடம் அவருடைய தாயார் சொல்ல வேண்டிய கணக்கு இது.

பளு தூக்குகிறவர்களுக்கு இன்னொன்று. பளு தூக்கினாலும் பசி மந்தமாகும், ஆனால் ஓட்டத்தைப்போல நிறைவு ஹோர்மோன் ஏறாது. எடை கூட விரும்புகிற மெலிந்த இளைஞர் நீண்ட ஓட்டத்தைக் குறைத்துப் பளுவைக் கூட்டலாம். எடை குறைக்க விரும்புகிறவர் மூச்சு வாங்குகிற ஓட்டத்தைக் கூட்டலாம். ஒரே ஜிம்மில் எல்லாருக்கும் ஒரே அட்டவணை எழுதிக் கொடுப்பது பொருந்தாது.

கணக்கில் வராத கிழக்கு

இதெல்லாம் இளைஞர் விவகாரம்தானே என்று விட முடியாத காரணம் ஒன்று உண்டு. இலங்கையில் நீரிழிவு எவ்வளவு என்பதை நாடளாவி அளந்த முதல் பெரிய ஆய்வு 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்தது. இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று அது கண்டது. அன்றைய போர்ச் சூழலில் வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவில்லை. நாடு தன் நோயை எண்ணிய வேளையில் மட்டக்களப்பு எண்ணப்படவே இல்லை. அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று இருபதுகளைக் கடந்து முப்பதில் நிற்கிறார்கள்.

தெற்காசிய உடலுக்கு இன்னொரு பாரமும் உண்டு. 2004இல் லான்செட் இதழ் இரண்டு மருத்துவர்களின் படத்தை அருகருகே வெளியிட்டது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் பிரிட்டனின் ஜோன் யூட்கின். உயரத்துக்கேற்ற எடைச் சுட்டெண் இருவருக்கும் ஒன்றே, 22.3. உடலில் கொழுப்பின் பங்கு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு மெலிந்த தெற்காசிய ஆணின் உடம்புக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அந்தப் படத்தோடு வந்த குறிப்பில் ஒரு சாத்தியமான காரணமும் சொல்லப்பட்டிருந்தது: யூட்கின் மரதன் ஓடுகிறவர். நம் பெடியன் மெலிவுதானே, அவனுக்கென்ன நோய் என்கிற நம்பிக்கை மட்டக்களப்பு வீடுகளில் இனி நிற்காது. மெலிந்தவரும் ஓட வேண்டும். ஓடியவர் சரியாகச் சாப்பிட வேண்டும்.

மைதானத்து ஓரத்தில் செய்யக்கூடியது

மட்டக்களப்புக்கு விளையாட்டுப் பாரம்பரியம் உண்டு. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த யேசு சபைத் துறவி வெபர் அடிகளார், புனித மைக்கேல் கல்லூரியில் அரை நூற்றாண்டு காலம் பிள்ளைகளை ஓட வைத்தார். அவர் பெயரில்தான் இன்று மைதானம் இருக்கிறது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் உதைபந்தாட்டத்துக்குப் பின்னேரமே போதாது. சித்திரைப் புத்தாண்டு வந்தால் கிராமத்துக் கழகமெல்லாம் மரதன் வைக்கும். ஓடுவதற்கு இங்கே ஆள் பஞ்சமில்லை. ஓடிய பிறகு என்ன என்பதை யாரும் பொறுப்பெடுக்கவில்லை.

அந்தப் பொறுப்பு பெரிய செலவில்லாதது. விளையாட்டுக் கழகங்கள் பந்தும் சீருடையும் வாங்குவதோடு, பயிற்சி முடிகிற இடத்தில் ஒரு குடம் மோரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைக்கலாம். சுற்றுப்போட்டிக்கு அனுசரணை தேடும்போது சிவப்பு அடையாளமிட்ட சோடாக்களை மறுக்கலாம். பாடசாலைகள் காலைப் பயிற்சிக்கும் முதல் பாடத்துக்கும் நடுவே இருபது நிமிடம் ஒதுக்கி, சிற்றுண்டிச்சாலையில் பனிஸுக்குப் பக்கத்தில் அவித்த கடலையும் முட்டையும் வைக்கலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குச் சுகாதார விஞ்ஞான பீடமும் இருக்கிறது. லஃப்பரோவில் பன்னிரண்டு பேரை வைத்துச் செய்த ஆய்வை வாவிக்கரை இளைஞர்களை வைத்து, இந்த வெயிலில், இந்தச் சோற்றை வைத்துச் செய்தால் ஊருக்குரிய விடை கிடைக்கும்.

வீடுகளுக்கு ஒரு வேலை உண்டு. பந்தடித்துவிட்டு வருகிற மகன், பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போவார். அவர் பொய் சொல்லவில்லை; அவருடைய இரத்தம் அந்த நேரத்தில் அதைத்தான் சொல்கிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் அது மாறும். மாறும்போது வீட்டில் சோறும் மீனும் சூடாக இருந்தால் அவர் அதைச் சாப்பிடுவார். இல்லாவிட்டால் கொத்துக் கடைக்குப் போவார். ஓடுவதற்கு அவர் மனம் வைத்துவிட்டார். அந்த ஒரு மணித்தியாலத்தை வீடும் கழகமும் பாடசாலையும் பொறுப்பெடுத்தால், அவர் சிந்திய வியர்வை அவருடைய உடம்பிலேயே தங்கும்.